அப்பல்லோ டேங்க் இருந்தால் என்ஜின் செத்துவிட்டது என்று யார் சொன்னது?

ஏழாம்_நம்பர்:
பழைய ட்ராக் டே கார் (பணம் கட்டி ரேஸ் ட்ராக்கில் ஓட்டுகிற சொந்தக் கார்) வாங்குவது பற்றிய இழையில் எண்ணெய்க்காரன் நேற்று எழுதியதை அப்படியே போடுகிறேன்: "கே சீரிஸ் என்ஜின் உள்ள கேட்டர்ஹாமில் அப்பல்லோ டேங்க் தெரிந்தால், முன்பு வைத்திருந்தவர் அந்த என்ஜினை ட்ராக்கில் அடித்து நொறுக்கிவிட்டார் என்று அர்த்தம். கேட்கிற விலையில் ரீபில்டுக்கு 4,000 பவுண்டைக் கழித்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்க வேண்டும்."

கேட்டர்ஹாம் என்பது எடை குறைந்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார், கே சீரிஸ் அதில் வந்த ரோவர் என்ஜின், ரீபில்டு என்றால் என்ஜினைப் பிரித்துச் சரிசெய்து மீண்டும் பூட்டுவது. என் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் போன வாரம் இங்கே அப்பல்லோ டேங்க் உள்ள காரை விற்பனைக்குப் போட்டவன் நான் ஒருவன்தான். 2003-ல் பாகம் பாகமாகக் கிட்டாக வாங்கி, குரொய்டனில் என் வீட்டு கராஜில் நானே பூட்டிய கார். 1.6 லிட்டர் சூப்பர்ஸ்போர்ட், 138 குதிரைத்திறன், ஆறு கியர், ட்ராக் டே ரோல் பார், 13 இஞ்ச் சக்கரம். விலை 17,500 பவுண்டு.

அப்பல்லோ டேங்க் எதற்கு என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்தக் காரில் என்ஜின் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது, அதனால் ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப் ஆழம் குறைவு. ஸ்னெட்டர்டன் ட்ராக்கில் கோரம் மாதிரி நீண்டுகொண்டே போகும் வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். பிரஷர் விழும், பேரிங் தேயும். பம்பிலிருந்து வரும் ஆயிலை அப்பல்லோ டேங்க் சுழல விட்டு, காற்றைப் பிரித்து, நல்ல ஆயிலை மட்டும் என்ஜினுக்கு அனுப்புகிறது. மொத்த ஆயில் அளவும் கூடுகிறது. அதாவது என்ஜின் சாகாமல் இருப்பதற்காகப் போடுகிற சாமான் அது. அதையே சாவுச் சான்றிதழாகக் காட்டுகிறவரை என்ன சொல்வது?

எண்ணெய்க்காரன்:
குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நான் பொதுவாகச் சொன்னேன், நீங்களாக வந்து எடுத்துக்கொண்டீர்கள்.

ஒரே கேள்வி. டெஸ்கோவுக்குப் பால் வாங்கப் போகிறவர் அப்பல்லோ டேங்க் போடுவாரா? மாட்டார். ஆயில் லைட் எரிந்ததைக் கண்டவர்தான் போடுவார். லைட் எரியும்போதே பேரிங்கில் வேலை முடிந்திருக்கும். டேங்க் அதற்கு அப்புறம் வருகிறது. 4,000 கழியுங்கள்.

ஏழாம்_நம்பர்:
டேங்க் "அப்புறம்" வந்தது என்று உங்களுக்கு யார் சொன்னது? கார் ரோட்டுக்கு வருவதற்கு முன்பே பூட்டிவிட்டேன். வீட்டில் பூட்டிய காரை ரோட்டில் விட அப்போது தேவைப்பட்ட எஸ்விஏ சோதனைக்குப் போனபோதே அது உள்ளே இருந்தது. பூட்டிய நாளிலிருந்து படம் எடுத்து ஆல்பமாக வைத்திருக்கிறேன். சேஸி மட்டும் நிற்கிற படம் இருக்கிறது, என்ஜின் இறங்குகிற படம் இருக்கிறது, டேங்கோடு இருக்கிற படமும் இருக்கிறது. விளம்பரத்தில் அதைத் தெளிவாக எழுதியிருக்கிறேன். படிக்காமல் பேசுகிறீர்கள்.

பழைய_வெஸ்ட்ஃபீல்ட்:
இரண்டு பேரும் கோபப்படாதீர்கள். எனக்கு இதில் புரியாதது 17,500 என்கிற விலைதான். அதே மாதிரிப் பெட்டி, அதே நாலு சக்கரம், ஃபோர்டு என்ஜினோடு, இதே மாதிரி கார் செய்த வெஸ்ட்ஃபீல்டாக இருந்தால் எவ்வளவோ குறைவாக வாங்கலாம். டேங்கைப் பற்றிய கவலையும் இல்லை. மூக்கில் ஒட்டிய பெயருக்குப் பணம் கொடுக்கிறோம்.

ஏழாம்_நம்பர்:
அண்ணே, அந்தப் பெயருக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. கொலின் சாப்மன் 1957-ல் கொண்டுவந்த லோட்டஸ் செவன். 1973-ல் அதன் உரிமையைக் கேட்டர்ஹாம் வாங்கியது. உங்கள் வெஸ்ட்ஃபீல்ட் கம்பெனி 1982-ல் தொடங்கி, இதே வடிவத்தில் செய்ததால் கேட்டர்ஹாம் வழக்குப் போட்டு, வடிவத்தையே மாற்ற வேண்டி வந்தது. அந்தக் கம்பெனியும் 2022-ல் நொடித்துப்போய், அதைத் தீர்த்துவைக்க நியமித்த நிர்வாகிகள் கைக்குப் போய்விட்டது. 1957-லிருந்து வருகிற காருக்கும் அதைப் பார்த்துச் செய்த காருக்கும் ஒரே விலை எப்படி வரும்?

பழைய_வெஸ்ட்ஃபீல்ட்:
கம்பெனி போனால் என் கார் நின்றுவிடுமா? என் காரில் இருப்பது ஃபோர்டு பாகம், எந்த ஊரிலும் கிடைக்கும். உங்கள் என்ஜின் செய்த எம்ஜி ரோவர் 2005-லேயே மூழ்கிவிட்டதே, அதைப் பற்றி ஏன் பேசவில்லை? என்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கிற ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றாலே கே சீரிஸ் என்பது ஊருக்கே தெரியும்.

எண்ணெய்க்காரன்:
வாழ்த்துகள் அண்ணே, சரியான இடத்துக்கு வந்தீர்கள். ஹெட் கேஸ்கெட், அதோடு டேங்க். 4,000 போதாது போலிருக்கிறது.

ஏழாம்_நம்பர்:
ஹெட் கேஸ்கெட் கதையை ஆளுக்கு ஆள் ஒப்பிக்கிறீர்கள், காரணம் யாருக்கும் தெரியாது. அந்த என்ஜினில் தலையிலிருந்து அடிவரை நீண்ட போல்ட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கின்றன. உள்ளே இருக்கிற தண்ணீரின் அளவு குறைவு, அதனால் சின்ன லீக் வந்தாலும் சட்டென்று சூடேறும். ஒரு காலத்தில் வந்தவற்றில் தலையை நேராகப் பிடிக்கப் பிளாஸ்டிக் டவல் பின்கள் இருந்தன. என் என்ஜினில் ஸ்டீல் டவல் பின், பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட். ரசீது இருக்கிறது. இந்த வேலை தெரிந்தவர் கையில் கே சீரிஸ் நல்ல என்ஜின். எடை குறைவு என்பதால்தான் கேட்டர்ஹாமே 1991-லிருந்து அதைப் போட்டது.

டேங்குக்கு வருவோம். டேங்க் கேட்டர்ஹாமின் பாகப் பட்டியலிலேயே இருந்த சாமான். ஏதோ மூலைக் கடையில் ஒட்டுப் போட வாங்கியது இல்லை.

தேம்ஸ்கரை:
நான் இரண்டு பக்கமும் இல்லை. இதை வாதாடித் தீர்க்க வேண்டியதே இல்லையே. என்ஜினை நன்றாகச் சூடாக்கி ஐடிலில் ஆயில் பிரஷர் பாருங்கள். சிலிண்டர் அழுத்தத்தை விடாமல் பிடிக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட், லீக் டவுன் டெஸ்ட் எடுங்கள். ஆயில் ஃபில்டரைக் கழற்றி வெட்டி, உள்ளே இருக்கிற மடிப்பை விரித்துப் பாருங்கள். பேரிங் போயிருந்தால் அதில் மினுமினுப்புத் தெரியும். பாதி நாள் வேலை. டேங்க் இருக்கிறதா இல்லையா என்பது அப்போது பொருட்டே இல்லை.

இன்னொன்று. அப்பல்லோ டேங்க் உள்ள காரில் காலையில் குளிர்ந்த என்ஜினில் டிப்ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு "ஆயில் அதிகம்" என்று எடுத்துவிடாதீர்கள். நிறுத்தியபின் டேங்கிலிருந்து ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிடும். சூடாக ஓட்டி நிறுத்திய உடனே பார்க்க வேண்டும். வாங்குகிறவர்கள் இதைத் தெரியாமல் ஆயிலைக் குறைத்துவிட்டு ஓட்டினால் அதுதான் நிஜமான ஆபத்து.

எண்ணெய்க்காரன்:
ஃபில்டரை வெட்டுங்கள், சரி. போன வாரம் ஆயில் மாற்றிவிட்டு விற்கிறவரின் ஃபில்டரில் என்ன தெரியும்? புது ஃபில்டர் எல்லோருக்கும் சுத்தமாகத்தான் இருக்கும். டேங்கை மாற்ற முடியாது, அது அங்கேயே நின்று கதை சொல்லும்.

ஏழாம்_நம்பர்:
நான் போன வாரம் ஆயில் மாற்றினேன் என்று எங்கே எழுதினேன்? ஒரு வரி காட்டுங்கள். காட்ட முடியாது. ஃபில்டரை நீங்களே வந்து வெட்டுங்கள், கத்தி நான் தருகிறேன். கம்ப்ரெஷன் அளவுகள் விளம்பரத்தில் நாலு சிலிண்டருக்கும் இருக்கின்றன.

நீங்கள் ஏன் என் காரையே சுற்றுகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் 13 இஞ்ச் சக்கரங்களில் ஒன்றில் விரிசல் இருக்கிறது என்று இதே இடத்தில் நான் படம் போட்டேன். அதற்கப்புறம் அவை விற்கவில்லை. அந்தக் கடுப்பு இப்போது டேங்க் வழியாக வருகிறது.

எண்ணெய்க்காரன்:
அது விரிசல் இல்லை, பெயின்ட் கீறல். அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். ஒரு படத்தைப் பெரிதாக்கிப் போட்டு என் பெயரைக் கெடுத்தீர்கள். விற்க வேண்டிய சாமான் இன்னும் என் ஷெட்டில் கிடக்கிறது.

ஏழாம்_நம்பர்:
பெயின்ட் கீறல் ஸ்போக்கின் மறுபக்கமும் தெரியுமா? 130 மைல் வேகத்தில் அந்தச் சக்கரம் விட்டுப்போனால் யார் பொறுப்பு? சொல்லாமல் இருந்திருந்தால்தான் நான் குற்றவாளி.

பிரைட்டன்_பயணி:
வணக்கம். நான் நிஜமாகவே கார் தேடுகிறேன். ஏழாம்_நம்பர் அண்ணா, சத்தச் சோதனையில் உங்கள் கார் எத்தனை டெசிபெல் வருகிறது? முக்கால்வாசி ஆர்பிஎம்மில், அரை மீட்டர் தூரத்தில் எடுத்த அளவு இருந்தால் சொல்லுங்கள். பெட்ஃபர்ட் ட்ராக்கில் ஓடும்போது எடுக்கிற வரம்பு 87.5 என்கிறார்கள், அதனால்தான் கேட்கிறேன். சேஸியின் முன்பக்கக் குழாய்களையும் பார்க்க ஆசை.

பழைய_வெஸ்ட்ஃபீல்ட்:
தம்பி, சேஸியைக் கட்டாயம் பாருங்கள். ட்ராக்கில் இடித்தால் சாதாரண ரோட்டுக் காப்புறுதி பெரும்பாலும் பணம் தராது. கிளெய்ம் இல்லை என்றால், சேதமான காருக்குக் காப்புறுதிக் கம்பெனி போடுகிற "கேட்டகரி எஸ்", "கேட்டகரி என்" முத்திரை எதுவும் பதிவாகாது. ஆவணச் சோதனை சுத்தமாக வரும், சேஸி வளைந்திருக்கும். முன் சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன் கையைச் சேஸியோடு பிடிக்கிற இடத்தில் பெயின்ட் புதிதாக இருக்கிறதா, அலுமினியத் தகட்டின் ரிவெட்டுகள் எல்லாம் ஒரே மாதிரியா என்று குனிந்து பாருங்கள். இதை யாருடைய காரையும் நினைத்துச் சொல்லவில்லை.

ஏழாம்_நம்பர்:
யாரையும் நினைக்காமல் என் இழையில் வந்து ஏன் சொல்கிறீர்கள் அண்ணே? என் சேஸி ஆர்ச் மோட்டர்ஸில் செய்தது, வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. விளம்பரம் போட்டதும் முதலில் க்யூ பிளேட்டா (பழைய பாகம் கலந்து, வயது தெரியாத காருக்குக் கொடுக்கும் நம்பரா) என்று கேட்டார்கள், எல்லாமே புதுப் பாகம் என்பதால் அந்த வருடத்து நம்பரே கிடைத்தது என்று காட்டினேன். அப்புறம் ஹெட் கேஸ்கெட், இப்போது சேஸி. ஒன்று பொய் என்று காட்டினால் அடுத்ததற்குத் தாவுகிறீர்கள்.

தேம்ஸ்கரை:
விற்பவருக்கும் ஒரு வார்த்தை. விளம்பரத்தின் கடைசியில் "பார்த்தபடி விற்பனை" என்று போட்டிருக்கிறீர்கள். தனியாள் விற்றாலும் சொன்ன விவரம் பொய்யாக இருந்தால் அந்த வரி காப்பாற்றாது. 1967-ன் தவறான தகவல் சட்டம் அப்படியே நிற்கிறது. அதனால் "டேங்க் முதல் நாளிலிருந்து" என்று எழுதியதற்கு ஆல்பத்தையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

எண்ணெய்க்காரன்:
"பார்த்தபடி விற்பனை"! அதை நான் கவனிக்கவில்லை. என்ஜினில் நம்பிக்கை உள்ளவர் அப்படி எழுதுவாரா?

ஏழாம்_நம்பர்:
தனியாக விற்கிற எல்லோரும் எழுதுகிற வரி அது. உங்கள் சக்கர விளம்பரத்திலும் அதே வரி இருந்தது, இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நான் கடைசியாக ஒருமுறை சொல்கிறேன். ஒரு காரை ஒவ்வொரு போல்ட்டாக, டார்க் ரெஞ்ச் வைத்து, சனி ஞாயிறு எல்லாம் கராஜில் கழித்துப் பூட்டியவன், அது கோரம் வளைவில் என்ன பாடுபடும் என்று முன்பே யோசித்துத்தான் டேங்கைப் போட்டான். டேங்க் இல்லாமல், ரோட்டை இறுகப் பிடிக்கும் செமி ஸ்லிக் டயரோடு ட்ராக்குக்குப் போய்வந்த கே சீரிஸைப் பாருங்கள், அதற்கு 4,000 கழியுங்கள். ட்ராக்கில் ஓடியதை நான் மறைக்கவே இல்லை, அதற்காகத்தான் கட்டினேன். ஓட்டுவதற்கென்று செய்த காரை ஓட்டியது குற்றமா?

எண்ணெய்க்காரன்:
ட்ராக்கில் ஓடியது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நான் சொன்னதும் அதுதான். டேங்க் என்றால் ட்ராக். ட்ராக் என்றால் தேய்மானம். 4,000.

ஏழாம்_நம்பர்:
ட்ராக் டே கார் என்று தலைப்பிலேயே போட்டுத்தான் விற்கிறேன்! டேங்க் உள்ள என்ஜினின் பேரிங்கைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா, ஒன்றாவது?

எண்ணெய்க்காரன்:
டேங்க் இல்லாததைத் திறந்து பார்த்திருக்கிறேன். அது போதும்.

ஏழாம்_நம்பர்:
டேங்க் இல்லாததைப் பார்த்துவிட்டு டேங்க் உள்ளதற்குத் தீர்ப்பு! எல்லோரும் இதைப் படித்துக்கொள்ளுங்கள். விலை 17,500, ஒரு பென்னி குறையாது.

பிரைட்டன்_பயணி:
அண்ணா, அந்த டெசிபெல் அளவு?

எண்ணெய்க்காரன்:
தம்பி, டெசிபெல் இருக்கட்டும். டேங்க் எந்த வருடம் வாங்கியது என்று ரசீது கேளுங்கள்.

ஏழாம்_நம்பர்:
ரசீது இருக்கிறது. 2003. இன்று இரவு ஸ்கேன் செய்து போடுகிறேன். நீங்கள் சக்கரத்தின் பின்பக்கப் படத்தைப் போடுங்கள்.