டானு: அயர்லாந்தின் ஆதித்தாயா, இலக்கணம் பெற்ற பெயரா?

ஆற்றங்கரையான்:
அயர்லாந்துப் புராணத்தின் தெய்வக் குலத்தாரைத் துவாஹா டே டானன், அதாவது டானு தேவியின் மக்கள் என்பர். ரிக் வேதத்தில் விருத்திரனைப் பெற்றவளும் தானு. டான்யூப் ஆற்றின் பெயரும் அதே வேரைச் சேர்ந்ததென்றே பலர் கொள்கின்றனர். ஆகவே அவள் நீரின் உருவமான ஆதித்தாய் என்பது என் துணிபு.

சுவடிநேசன்:
பெயர் ஒற்றுமையை வைத்துக் கோயிலே எழுப்பிவிட்டீர்கள், ஐயா. 'டானன்' என்னும் வேற்றுமை வடிவத்திலிருந்து பிற்கால அறிஞர்கள் ஊகித்து அமைத்த எழுவாயே 'டானு'. 11ஆம் நூற்றாண்டில் உருவான, அயர்லாந்தின் புராண வரலாறான 'படையெடுப்புகளின் நூல்' அவளை டெல்பேத் என்பவனின் மகளாகவும் மூன்று ஆண்மக்களின் தாயாகவும் குறிப்பிடுகிறதே தவிர, அவளுக்கென்று தனிக்கதை எதையும் சொல்வதில்லை. பழைய ஏடுகளில் அக்குலத்தின் பெயர் 'துவாத் டே', அதாவது 'தெய்வக் குலம்', மட்டுமே. மடத்துத் துறவிகள் விவிலியத்தின் இஸ்ரவேலரையும் அப்படியே அழைத்ததால், குழப்பம் தீரப் பின்னாளில் 'டானன்' சேர்க்கப்பட்டிருக்கலாம். மேலும், பாய்ன் ஆற்றுக்குப் போவன் என்ற தேவியும் ஷானன் ஆற்றுக்குச் சினன் என்ற தேவியும் உரியவர்களாக இருக்க, டானுவுக்கு அயர்லாந்தில் எந்த ஆறு?

மேய்ச்சல்காரி:
ஆற்றில் தேடுவதை விட்டு மலையைப் பாருங்கள். கெர்ரி மாவட்டத்தில் கிலார்னிக்குக் கிழக்கே 'அனுவின் முலைகள்' என்றே பெயர் கொண்ட இரு குன்றுகள், 694 மீட்டரும் 690 மீட்டருமாக, ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கின்றன. இரண்டின் உச்சியிலும் தொல்பழங்கால மக்கள் கற்களைக் குவித்துவைத்திருப்பதால், தொலைவிலிருந்து காண்பவருக்கு அவை காம்புகளாகவே தெரியும். அடிவாரத்துக் கல்மதில் வளாகத்திற்கு மே முதல் நாளில் மாடுகளை ஓட்டிவரும் வழக்கமும் இருந்தது. சுமார் 900இல் தொகுக்கப்பட்ட கார்மாக்கின் சொற்களஞ்சியம் அனுவை 'அயர்லாந்துத் தெய்வங்களின் தாய்' என்று லத்தீனில் குறித்து, தெய்வங்களை நன்றாக ஊட்டி வளர்த்தவள் என்றும் சொல்கிறது.

ஆற்றங்கரையான்:
அந்த அனுவே டானு என்றுதானே பலரும் எழுதுகின்றனர்?

சுவடிநேசன்:
எழுதுகின்றனர், இடைக்கால ஏடுகளிலேயே இரு பெயர்களும் கலந்துவிட்டன என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் மேய்ச்சல்காரி காட்டிய சான்றுகள் பாலையும் மேய்ச்சலையும் தெற்கு அயர்லாந்தின் மன்ஸ்டர் நிலத்தின் வளத்தையும் பேசுகின்றன. உங்கள் ஆறு அவற்றுள் எங்கும் ஓடவில்லையே. அனுவைத் தாயென்று ஏற்கிறேன். தானுவுக்கும் டான்யூபுக்கும் உறவு கொண்டாட வேண்டுமானால், அதற்கு வேறு சான்று கொண்டுவாருங்கள்.