மளிகைக்கடை வீடு (குடும்பக் குழு)

சுதா: நாளைக்கு டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்தநாள். மது ஸ்கூல்ல கணித தினம். ஆளுக்கு ஒரு புதிர் சொல்லணுமாம். மிஸ் இப்பதான் மெசேஜ் போட்டாங்க. நாலாங்கிளாஸுக்கு ஏத்த மாதிரி யாராவது சொல்லுங்களேன்

குமார்: புலி ஆடு புல்லுக்கட்டு

சுதா: அதை ரெண்டு பேர் எடுத்துட்டாங்களாம்டா

திருச்சி அத்தை: மதுவுக்கு சளி தேவலையா?

பெரியப்பா: சுதா, ராமானுஜன் 1887ல ஈரோட்டுல பிறந்தாலும் படிச்சது நம்ம கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல்ல. அதையும் பிள்ளை ரெண்டு வரி சொல்லட்டும். புதிர் இது. கடைக்காரர்கிட்ட 40 கிலோ எடைக்கல் ஒண்ணு. விழுந்து நாலு துண்டாயிடுச்சு. அந்த நாலையும் வெச்சே 1ல இருந்து 40 வரைக்கும் எந்த முழுக் கிலோவையும் ஒரே தடவையில நிறுக்கிறார். ஒவ்வொரு துண்டும் எத்தனை கிலோ? 1202லயே இத்தாலிக் கணித அறிஞர் ஃபிபொனாச்சி எழுதின கணக்கு. விடையை யாரும் சொல்லாதீங்க

மன்னார்குடி சித்தப்பா: 1, 3, 9, 27

பெரியப்பா: ஏண்டா! குழந்தை பார்க்குற போன்டா அது. அழி

மன்னார்குடி சித்தப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

குமார்: நான் பாத்துட்டேன். 2 கிலோ எப்படி பெரியப்பா?

சுதா: மது பாட்டு கிளாஸ்ல இருக்கா. எனக்கும் அதான் புரியல

பெரியப்பா: சரக்கு இருக்கிற தட்டுலயும் கல் வைக்கலாம். ஒரு தட்டுல 3, இன்னொண்ணுல சரக்கோட 1. சரக்கு 2. இந்த ஒரு இடத்தைப் பிள்ளை தானா பிடிக்கணும், அதுக்குத்தான் புதிரே. முதல்ல 1, 3 மட்டும் கொடு. 4 வரைக்கும் நிறுத்துடுவா. 5 வேணும்னா அடுத்த கல் என்னன்னு கேளு. 9ல 4 போனா 5. அப்படியே 13 வரைக்கும் போகும். 27 சேர்ந்தா 40. தப்பா வெச்சாலும் குறுக்கே பேசாதே. நாம அவசரப்பட்டு சொல்லிடுறதாலதான் பிள்ளைங்க கணக்குன்னா பயப்படுதுங்க

திருச்சி அத்தை: அப்பா கடைத் தராசு இருந்தா காட்டியே சொல்லலாம்

மன்னார்குடி சித்தப்பா: அண்ணன் வீட்டுப் பரண்ல பாருங்க

பெரியப்பா: என்கிட்ட கல்லுப்பெட்டி மட்டும்தான். கடை மூடினன்னைக்கு தராசைத் தூக்கிட்டுப் போனது யாரு?

மன்னார்குடி சித்தப்பா: அண்ணே அது வேற தராசு

திருச்சி அத்தை: ஆரம்பிச்சாச்சா. எனக்குன்னு சொன்ன பித்தளை அண்டாவும் இன்னும் வரலை

குமார்: அண்டா எங்க வீட்லதான் அத்தை, அம்மா தண்ணி பிடிச்சு வெச்சிருக்காங்க

சுதா: தராசு வேண்டாம் விடுங்க. ஹேங்கர்ல ரெண்டு கிண்ணம் கட்டிக்கிறேன். கோலிக்குண்டு 1, 3, 9 போதும்ல?

பெரியப்பா: தாராளமா. கிண்ணம் ரெண்டும் ஒரே எடையா பாத்துக்கோ

திருச்சி அத்தை: வியாழக்கிழமை அம்மா திதிக்கு எத்தனை இலை? சமையல்காரர் கேக்குறார்

மன்னார்குடி சித்தப்பா: நாங்க நாலு. குமாருக்கு லீவு கிடைச்சா அஞ்சு

சுதா: பெரிய தாத்தா நான் மது. 1, 3, 4 வந்துடுச்சு. 2 வரல. நிறுக்கிற புளியை எடுக்காம அந்தக் கிண்ணத்துலயே குண்டு வெக்கலாமா?

பெரியப்பா: வெக்கலாம்டா கண்ணு. வெச்சுப் பாரு

திருச்சி அத்தை: குமார், லீவு உண்டா இல்லையா?