புதுப்பிப்பு: மாடி ரோஜாவில் அசுவினியும் இலைப்பேனும்

முன்பு கேட்டிருந்தது இதுதான்: மாடித்தோட்டத்து ரோஜாக்களில் துளிர் முழுக்கப் பச்சை அசுவினி (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி), மொட்டுகள் ஓரம் கருகி விரியாமலே நிற்கின்றன, ரசாயன மருந்து இல்லாமல் என்ன செய்யலாம்? பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

அசுவினி நன்றாகவே குறைந்துவிட்டது. முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துவிட்டு, அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து (சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலேயே மிதக்கும்) இலையின் அடிப்பக்கமும் நனைகிற மாதிரி வாரம் ஒருமுறை அடித்தேன். வெயில் இறங்கிய பிறகுதான் அடிக்க வேண்டும், இல்லையென்றால் இலை கருகும்.

ஆனால் பெரிய மாற்றம் எறும்பைத் தடுத்த பிறகுதான் வந்தது. அசுவினி சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும், அதைத் தின்ன வரும் பொறிவண்டுகளை விரட்டும். தொட்டி வைத்திருக்கும் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியதும் (கொசு வராமல் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள்) பொறிவண்டுகள் வர ஆரம்பித்தன. அவற்றின் புழு குட்டி முதலை மாதிரி கருப்பாக இருக்கும், தயவுசெய்து நசுக்கிவிடாதீர்கள், அசுவினியை அதிகம் தின்பதே அதுதான். அது இருக்கும் செடியில் இப்போது நான் எதுவும் அடிப்பதில்லை.

மொட்டுகளைக் கருக வைக்கும் இலைப்பேன் (த்ரிப்ஸ் என்கிற நுண்ணிய பூச்சி) இன்னும் போகவில்லை. இதழ்களுக்குள் ஒளிந்திருப்பதால் மருந்து எட்டாது. கருகிய மொட்டுகளைக் கிள்ளி, உரக்குழியில் போடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துகிறேன், நீல ஒட்டுப்பொறியும் தொங்கவிட்டிருக்கிறேன். கவாத்து செய்த (கிளைகளை வெட்டிவிட்ட) பின் வரும் மொட்டுகளைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.