எம்ஜிஏ 1500: டைமிங் செயினை இறுக்கும் ஸ்க்ரூ எங்கே இருக்கிறது?

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

வணக்கம். என்னிடம் இருப்பது 1957 எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் கார், 1489 சிசி இன்ஜின். மாமா வைத்திருந்த வண்டி. அவர் போன பிறகு ஆறு வருடம் தோப்பு ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்தது, போன தை மாதம்தான் கிளப்பி ஓட்ட ஆரம்பித்தேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து கரகரவென்று ஒரு சத்தம், சின்னச் சங்கிலியைத் தகர டப்பாவில் போட்டு ஆட்டுகிற மாதிரி. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் அடங்கும், விட்டால் திரும்ப வரும். முதலில் இன்ஜின் சூடானதும் சத்தம் நின்றுவிடும், இப்போது நிற்பதில்லை. போன ஞாயிறு தொப்பூர் கணவாயில் இறங்கும்போது காலை எடுத்துவிட்டு கியரிலேயே விட்டேன், அப்போதும் கேட்டது.

இங்கே ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு டைமிங் செயின் (கிராங்க்ஷாஃப்ட்டில் இருந்து வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டைச் சுற்றும் சங்கிலி) லூஸ், வெளியே ஒரு போல்ட் இருக்கும், தளர்த்தி இறுக்கினால் சரியாகிவிடும் என்றார். இரண்டு பேரும் டார்ச் அடித்து முன்பக்கம் முழுக்கத் தேடினோம், அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. எங்கே இருக்கிறது, எவ்வளவு இறுக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையபட்டறை (தர்மபுரி)

தம்பி, அந்த போல்ட்டைத் தேடாதீங்க. இந்த இன்ஜினில் அது கிடையாது.

உங்கள் வண்டியில் இருப்பது பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி சீரிஸ் இன்ஜின். 1959க்கு அப்புறம் அம்பாசிடரில் வந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே குடும்பம்தான், அதில் முப்பது வருடம் கை வைத்திருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். எம்ஜிஏவில் டைமிங் கவருக்கு உள்ளே, செயினை இறுக்கிப் பிடிக்கும் ஒரு டென்ஷனர் உட்கார்ந்திருக்கும். ரப்பர் முகம் வைத்த ஒரு ஸ்லிப்பர் செயின்மேல் சாய்ந்திருக்கும், பின்னால் ஸ்ப்ரிங்கும் இன்ஜின் ஆயில் பிரஷரும் அதைத் தள்ளும். செயின் தேயத் தேய ஸ்லிப்பர் படிப்படியாக வெளியே வரும், உள்ளே இருக்கும் பல் அதைத் திரும்பப் போக விடாது. அது தானாகவே இறுக்கிக்கொள்ளும், நாம் இறுக்க அதில் வேலை இல்லை. சத்தம் வருகிறது என்றால் ஸ்லிப்பர் தேய்ந்திருக்கும், இல்லை செயின் நீண்டிருக்கும், இல்லை ஆயில் வரும் துளை அடைத்திருக்கும். ஆறு வருடம் சும்மா நின்ற வண்டி, எனக்குக் கடைசிக் காரணத்தின் மேல்தான் சந்தேகம்.

கவரைக் கழற்றும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஃபேன் பெல்ட்டை எடுத்துவிட்டு ஒரே ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் டைனமோ பேரிங்கோ வாட்டர் பம்ப்போதான், செயின்மேல் பழி போட வேண்டாம். அப்புறம் பிளக் நான்கையும் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, ஹேண்டில் போட்டு இன்ஜினை ஓடும் திசையில் கொஞ்சம் சுற்றி நிறுத்துங்கள். புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, புல்லியைக் கையால் மெதுவாகப் பின்னோக்கித் திருப்புங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் அசைய ஆரம்பிப்பதற்குள் புல்லி எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம்ஷாஃப்ட், கேமைச் சுற்றுவது செயின், அதனால் செயின் தளர்ச்சி அங்கே தெரிந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் கியரிலும் துளி ஆட்டம் இருக்கும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கெலவரப்பள்ளி_ரோடு (ஓசூர்)

அந்த மெக்கானிக் சொன்னது இல்லாத விஷயம் இல்லை, வேறு இன்ஜினுக்குப் பொருந்தும். பழைய ஆல்ஃபா ரோமியோ ட்வின் கேமில் ஹெட் முன்பக்கம் அப்படி ஒரு போல்ட் உண்டு. அதைத் தளர்த்தினால் உள்ளே ஸ்ப்ரிங் செயினை இழுத்துப் பிடிக்கும், இன்ஜினை முன்னோக்கிக் கையால் சுற்றிவிட்டு பூட்ட வேண்டும். ஜாகுவார் எக்ஸ்கே இன்ஜினில் மேல் செயினுக்குப் பல் வெட்டிய வட்டத் தகடு இருக்கும், முன்னால் இருக்கும் பிரீதரை (இன்ஜின் காற்றை வெளியே விடும் மூடி) கழற்றித்தான் அதைத் தொட முடியும். அதிலும் கேம் ஸ்ப்ராக்கெட்டுக்குக் கீழே செயினை விரலால் அழுத்தினால் லேசாகக் கொடுக்க வேண்டும், விறைத்து நிற்கும்படி வைத்தால் பேரிங்குக்கும் செயினுக்கும் கேடு.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

பெல்ட் இல்லாமலும் சத்தம் அப்படியே இருக்கிறது. புல்லி ஒரு விரல் அகலம் போன பிறகுதான் ரோட்டார் அசைகிறது. திறந்துவிடுகிறேன் அண்ணே. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பழையபட்டறை (தர்மபுரி)

ரேடியேட்டரை இறக்கியே ஆக வேண்டும். புல்லி நட்டுக்குப் பின்னால் லாக் வாஷர் மடித்திருக்கும், அதை நிமிர்த்தாமல் ஸ்பேனர் போடாதீங்க. கவர் வந்ததும், ஆயில் சீல் பக்கம் போகாமல் ஆயிலைச் சிதறடிக்கும் ஆயில் த்ரோயர் தட்டில் F என்று இருக்கும், அந்த முகம் வெளியே பார்த்த மாதிரிதான் திரும்பப் போட வேண்டும்.

டென்ஷனர் அடியில் ஒரு பிளக், அதைக் கழற்றி 1/8 அங்குல ஆலன் கீயை விட்டு வலப்பக்கம் திருப்பினால் ஸ்லிப்பர் உள்ளே போய்விடும். மாட்டி முடித்ததும் அதே கீயை அதே வலப்பக்கம் திருப்பினால் தானாக வெளியே வந்து செயினைத் தொடும். இடப்பக்கம் திருப்பவே கூடாது. ஸ்லிப்பரை ஸ்க்ரூடிரைவரால் செயின்மேல் நெம்பித் தள்ளுவதும் கூடாது, நிறைய பேர் அங்கேதான் கெடுக்கிறார்கள். டென்ஷனர் உடம்பின் துவாரம் வாய்ப்பக்கம் 0.003 அங்குலத்துக்கு மேல் முட்டை வடிவம் ஆகியிருந்தால் முழுதாக மாற்றுங்கள்.

செயின் இரட்டை வரிசை, 3/8 அங்குலம், 52 கண்ணி. மாற்றினால் இரண்டு பல்சக்கரத்தையும் சேர்த்தே பாருங்கள், பல் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் புதுச் செயின் சீக்கிரம் போய்விடும். கிராங்க் சாவி (பல்சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சின்ன இரும்புத் துண்டு) நேர் மேலே, கேம் சாவி மணி ஒன்று இருக்கும் இடத்தில், சக்கரங்களில் உள்ள இரண்டு புள்ளியும் ஒன்றை ஒன்று பார்க்க வேண்டும். செயினோடு சக்கரங்களைச் சேர்த்தே உள்ளே தள்ளுங்கள். கவரை மாட்டும்போது புல்லியை ஆயில் சீலுக்குள் விட்டு நடுவாக்கிவிட்டு அப்புறம் ஸ்க்ரூக்களை முறுக்குங்கள், இல்லையென்றால் ஆயில் கசியும்.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

முடித்துவிட்டேன். இங்கிலாந்தில் இருந்து டென்ஷனரும் செயினும் வர மூன்று வாரம் ஆனது. பழைய ஸ்லிப்பரைக் கையில் எடுத்தபோது ரப்பரில் இரண்டு பள்ளம், ஈர மண்ணில் மாட்டு வண்டி போன தடம் மாதிரி, ஒரு பள்ளத்தில் அடியில் இரும்பே தெரிந்தது. நீங்கள் சொன்ன ஆயில் துளையில் ஊசியை விட்டால் கறுப்பாக, கெட்டியான மெழுகு மாதிரி வந்தது. இன்ஜினில் ஆயில் வரும் வழியையும் மண்ணெண்ணெய் விட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்தேன். அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பையும் இறக்கிக் கழுவி, ஃபில்டர் மாற்றி, 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றினேன்.

பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றி, கேஜில் ஆயில் பிரஷர் ஏறியதைப் பார்த்த பிறகுதான் கிளப்பினேன். கரகரப்பு இல்லை. டைமிங் லைட்டில் முன்பு ஆடிக்கொண்டே இருந்த புல்லி அடையாளம் இப்போது ஒரே இடத்தில் நிற்கிறது. நேற்று மறுபடி தொப்பூர் வரை போனேன், இறக்கத்தில் சைலன்சர் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அண்ணே, தோப்பில் செந்தூரா மாங்காய் பழுக்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த வாரம் ஒரு கூடையோடு இதே வண்டியில் தர்மபுரி வருகிறேன், நீங்களும் ஒரு தடவை காது வைத்துக் கேட்டுச் சொல்லுங்கள்.