1/32 மஸ்டாங்: வெள்ளிப் பூச்சு வெளுத்துவிட்டது, மறைந்த ஒட்டுக்கோடு திரும்ப வந்துவிட்டது

வெள்ளிச்சிறகு (சென்னை):

அனைவருக்கும் வணக்கம். எட்டு மாதங்களாகக் கட்டிவரும் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர்விமானமான பி-51டி மஸ்டாங்கின் 1/32 அளவு பிளாஸ்டிக் மாடல், பூச்சு வேலையில் வந்து நின்றுவிட்டது. இறக்கை நுனிக்கு நுனி ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் வரும் மாடல் இது. என்ஜின் குழாய்களை ஈயக் கம்பியில் வளைத்துச் செய்யவே எனக்கு ஆறு வாரம் பிடித்தது. அதனால் அவசரப்பட்டு எதையாவது செய்து கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை; உங்களைக் கேட்டுவிட்டுத் தொடரலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இரண்டு குறைகள் இருக்கின்றன. பளபளப்பான கறுப்பு அடிப்பூச்சின் மேல் லாக்கர் வகை அலுமினிய நிறத்தை அடித்தபோது, ஈரமாக இருக்கும்வரை கண்ணாடி போல மின்னிய பரப்பு, காயக் காயப் பாலேடு படிந்தாற்போல வெளுத்துவிட்டது. இறக்கைகளின் மேற்புறம் முழுவதும் இப்படி இருக்கிறது. உடற்பகுதியின் இடப்பக்கத்தில் உள்ளங்கையளவு இடத்தில் இருக்கிறது. அடுத்தது, விமானி இருக்கைக்குப் பின்னாலிருந்து வால் வரை, உடலின் இரு பாதிகளும் சேரும் ஒட்டு மீண்டும் தெரிகிறது. பட்டி போட்டுத் தேய்த்து பிரைமர் அடித்துப் பார்த்த அன்று அங்கே கோடு இருந்த சுவடே இல்லை. இப்போதும் நகத்தால் இழுத்துப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படுவதில்லை. ஆனால் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், முடியிழை போல ஒரு பள்ளம் முதுகு நெடுக ஓடுகிறது.

பூச்சு அடித்தது மழை விட்டிருந்த ஒரு மாலை நேரம். மாடல் பெயின்டுக்கான தின்னர் தீர்ந்துவிட்டதால், பக்கத்து ஹார்டுவேர் கடையில் வாங்கிய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கான) தின்னரைக் கலந்தேன். எல்லாவற்றையும் உரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கத்தான் வேண்டுமா?

பட்டறைவாசி (கோவை):

உரிக்க வேண்டாம் நண்பரே. நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காரணங்கள் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் நல்ல பூச்சையும் சேர்த்து அழித்துவிடுவீர்கள். வெளுத்ததைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

அந்த வெண்மை, பெயின்டுக்குள் சிக்கிய தண்ணீரின் வேலை. தின்னர் ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. என்.சி. தின்னர் மிக விரைவாக ஆவியாவதால் பரப்பு சட்டென்று குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பனித்துளி போல அதன் மேல் படிந்து, காயும் பூச்சுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. மழைக்காலத்தில் கார் பெயின்ட் அடிப்பவர்கள் மெதுவாக ஆவியாகும் ரிடார்டரைக் கலப்பது இதற்காகத்தான். கடைத் தின்னரில் இன்னொரு ஆபத்தும் உண்டு: அது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை நேரடியாகத் தின்னும். அடியில் கறுப்புப் பூச்சு இருந்ததால் உங்கள் மாடல் தப்பியிருக்கிறது. இனி மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் போன்ற, ரிடார்டர் ஏற்கெனவே சேர்ந்த தின்னரையே பயன்படுத்துங்கள்.

உடற்பகுதியில் வெளுத்த இடத்துக்கு, காற்று உலர்ந்திருக்கும் நாளில், அந்தத் தின்னரை மட்டும் ஏர்பிரஷில் (பெயின்ட் தெளிக்கும் சிறு கருவி) எடுத்து, மூச்சுக்காற்று படுவது போல மெல்லிய படலமாக ஒருமுறை ஓட்டுங்கள். பூச்சு சற்றே இளகிச் சிக்கிய ஈரம் வெளியேறினால் வெண்மை போய்விடும். ஈரம் சொட்டுமளவு அடித்தால் அலுமினியத் துகள்கள் நகர்ந்து திட்டுத் திட்டாகிவிடும். ஆகவே கிட்டில் பாகங்களைத் தாங்கி வந்து மிஞ்சிய பிளாஸ்டிக் சட்டத் துண்டு ஒன்றுக்கு இதே பூச்சைக் கொடுத்து, அதில் பழகிய பிறகு மாடலைத் தொடுங்கள்.

பெயின்ட் அடிக்கும் பெட்டியின் விசிறி எந்தக் காற்றை இழுக்கிறது என்பதையும் பாருங்கள். அது உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளும் அளவுக்கு, ஜன்னல் வழியாக மழைக்காற்று உள்ளே வரும். ஜன்னலைச் சாத்தி, ஏசி ஓடும் உள் அறையின் கதவைத் திறந்து வைத்தால் உலர்ந்த காற்று வரும். விசிறியை நிறுத்திவிட்டு மட்டும் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவி நுரையீரலுக்கும் கேடு, தீப்பற்றவும் கூடியது. ஆவியை வடிகட்டும் முகமூடி இல்லாமல் லாக்கரைத் தொடவே கூடாது.

நீள்முகடு (சிங்கப்பூர்):

ஒட்டுக்கோட்டைப் பற்றி ஒரு கேள்வி: பசை போட்டதற்கும் தேய்த்ததற்கும் இடையில் எத்தனை நாள் விட்டீர்கள்?

வெள்ளிச்சிறகு:

இரவு ஒட்டினேன், மறுநாள் காலையில் தேய்த்தேன் ஐயா. பட்டியும் அதே நாளில்தான்.

நீள்முகடு:

அதுதான் காரணம். திரவப் பசை பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்குகிறது. உருகிய இடம் சற்று உப்பி நிற்கும். உப்பியிருக்கும்போதே சமமாகத் தேய்த்துவிட்டால், பிறகு கரைப்பான் மெல்ல மெல்ல வெளியேறும்போது அந்த இடம் அமிழ்ந்துவிடுகிறது. கரைப்பான் கலந்த பட்டியும் அதுபோலவே காயக் காயச் சுருங்கும். பெரிய மாடல்களில் ஒட்டு நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதால் நான் குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் தொடாமல் வைத்துவிடுவேன்.

இப்போது அந்த முதுகுப் பகுதியை மட்டும் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக் காத்துக்கொண்டு, பூச்சைப் பிளாஸ்டிக் வரை தேய்த்து எடுங்கள். பட்டிக்குப் பதில் சயனோ பசையை (சூப்பர் குளூ) குண்டூசி முனையால் பள்ளம் நெடுகத் தொட்டு வையுங்கள். அதில் கரைப்பான் இல்லை, ஆகவே பின்னர் அமிழாது. ஆனால் ஒருநாள் விட்டால் பிளாஸ்டிக்கை விடக் கெட்டியாகி, தேய்க்கும்போது பசை நிற்கப் பக்கத்துப் பிளாஸ்டிக் குழிந்துவிடும்; ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். 600 எண் உப்புத்தாளில் தொடங்கி, 1000, 2000 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மீண்டும் கறுப்பு அடியுங்கள். சாம்பல் பிரைமரில் தெரியாத கீறல் பளபளக்கும் கறுப்பில் தெரிந்துவிடும். அங்கே தெரிவதெல்லாம் வெள்ளியில் இரண்டு மடங்காகத் தெரியும்.

வெள்ளிச்சிறகு:

மிக்க நன்றி. இறக்கைகளைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. வெளுத்த பரப்பு பெரிது. உடற்பகுதியின் மினுக்கத்துக்கு அதை மறுபடி கொண்டுவர முடியுமா?

பட்டறைவாசி:

கொண்டுவர வேண்டியதே இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த மஸ்டாங்கின் இறக்கை வெற்று உலோகமாக இருக்கவில்லை. அதன் லேமினார் இறக்கை வடிவத்தின் மேல் காற்று வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக, முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ 40 சதவீத அகலம் வரை ரிவெட்டுகளையும் தகட்டு இணைப்புகளையும் பட்டி போட்டு நிரப்பித் தேய்த்து, பிரைமர் கொடுத்து, அலுமினிய நிறப் பெயின்ட் அடித்தார்கள். நாம் மாடலில் செய்யும் வேலையையே அவர்கள் உண்மை விமானத்தில் செய்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆகவே இறக்கையை 2000 எண் தாளால் லேசாகத் தடவிச் சமன் செய்து, மினுக்கம் குறைந்த சாதாரண அலுமினிய நிறத்தை ஒரே சீராக அடியுங்கள். முன்பகுதியில் ரிவெட் துளைகள் இருந்தால் அதற்கு முன் நிரப்பிவிடுங்கள். திசைமாற்றும் சுக்கான் துணி போர்த்தியது. அதுவும் வெள்ளிப் பெயின்ட்தான், உலோகப் பளபளப்பு அதில் வரக்கூடாது.

வெள்ளிச்சிறகு (மூன்று வாரம் கழித்து):

தகவலுக்காக எழுதுகிறேன். உடற்பகுதியில் வெளுத்த இடம் இரண்டாம் முறை தின்னர் ஓட்டியதில் முழுவதும் தெளிந்துவிட்டது. முதுகில் சயனோ பசை வைத்துத் தேய்த்து, பத்து நாள் காத்திருந்து கறுப்பு அடித்தேன். டார்ச் விளக்கில் கோடு இல்லை. வலப்பக்கத்தில் ஒரு பேனல் கோடு (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கீறல்) தேய்ந்துபோனதால், தடித்த டேப்பை அளவுகோலாக ஒட்டி ஊசியால் மீண்டும் கீறினேன். இறக்கைக்குச் சாதாரண அலுமினியம் அடித்த பிறகு உடலும் இறக்கையும் இரண்டு வேறு பொருள்களாகத் தெரிகின்றன. நேற்று இரவு வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெக்கால் (சின்னங்கள் அச்சிட்ட ஒட்டுப்படம்) ஒட்டும் முன் உடற்பகுதிக்குப் பளபளப்பு வார்னிஷ் கொடுக்கலாமா?

நீள்முகடு:

வார்னிஷ் உலோக மினுக்கத்தை மங்கச் செய்யும். உடற்பகுதி ஏற்கெனவே வழவழப்பாக இருப்பதால் நேரடியாகவே ஒட்டுங்கள். இறக்கைக்கு மட்டும் கொடுங்கள்.