முளையக் கலங்கள் இறுகுவது எதனால்?

வந்தாறுமூலை விலங்கியல் மாணவி: சுண்டெலி முளையம் 8 கல நிலையில் இறுகி, கலங்களின் எல்லைகளே தெரியாதபடி ஒன்றுசேர்வதற்கு மேற்பரப்புக் கிளைக்கோபுரதங்கள் (சர்க்கரைச் சங்கிலிகள் இணைந்த புரதங்கள்) எவ்வாறு காரணமாகின்றன?

கல்முனை ஆசிரியர்: முதன்மையானது ஈ-கதரின் என்ற, கலங்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் கிளைக்கோபுரதம். அயற்கலங்களிலுள்ள கதரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதற்குக் கல்சியம் அயன்கள் தேவை என்பதால், கல்சியமற்ற ஊடகத்தில் இட்டால் இறுகிய முளையம் மீண்டும் தனித்தனி உருண்டைகளாகத் தளர்ந்துவிடும். இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஏறாவூர் வாசகர்: சேர் சொன்னதோடு ஒன்று சேர்க்கலாம். ஈ-கதரின் மரபணு இல்லாத முளையமும், முட்டையில் தாய்வழி எஞ்சிய புரதத்தால் முதலில் இறுகுகிறது. அது தீர்ந்தபின் வெளிக்கலப்படை ஒழுங்காக உருவாகாமல் அழிகிறது.

மாணவி: நன்றி. சர்க்கரைச் சங்கிலிகளின் பங்கு என்ன, சேர்?

ஆசிரியர்: டியூனிகாமைசின் கொடுத்து அச்சங்கிலிகள் இணைவதைத் தடுத்தால் இறுகல் குழம்புகிறது. ஆயினும் அம்மருந்து ஏனைய கிளைக்கோபுரதங்களையும் பாதிப்பதால், காரணத்தைக் கதரினின் சர்க்கரைமேல் மட்டும் சுமத்த முடியாது.