வலிப்புக்கு கஞ்சா எண்ணெய்: திறந்துவிடலாமா, கூடாதா?

பொதிகைச்சாரல்:
மருத்துவத்துக்காவது கஞ்சாவைத் திறந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. சித்த மருத்துவத்தில் சுத்தி செய்து, அதாவது நச்சு நீக்கி, சேர்க்கிற சரக்கு இது. 1840 வாக்கில் கல்கத்தாவில் ஓஷானசி என்ற டாக்டர், வலிப்பு வந்த கைக்குழந்தைக்குச் சாராயத்தில் ஊறிய கஞ்சாவைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பலன் கண்டு எழுதியிருக்கிறார். நம் ஊரில் பார்த்துக் கற்றதுதான். 2018-இல் அமெரிக்கா இதே செடியிலிருந்து எடுத்த வலிப்பு மருந்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது. நாம் இன்னும் 1985-இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

மாத்திரைக்காரன்:
அண்ணே, அந்த மருந்து எபிடியோலெக்ஸ். அதில் இருப்பது கஞ்சாச் செடியில் உள்ள சிபிடி என்ற போதை தராத சத்து. போதை தருவது டிஹெச்சி என்ற இன்னொரு சத்து, அது அதில் இல்லை என்றே சொல்லலாம். தெருவில் விற்கிற கஞ்சாவில் நிலைமை தலைகீழ். டிராவே என்ற கடும் வலிப்பு நோய்க் குழந்தைகளிடம் 2017-இல் வந்த ஆய்வில், மாதம் 12 தடவை வந்த வலிப்பு 6 ஆனது. மருந்து கலக்காத வெறும் திரவம் குடித்தவர்களுக்கு 15, 14 என்று அப்படியே நின்றது. நல்ல பலன்தான். ஆனால் அளவைப் பாருங்கள்: உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 20 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு 300. இணையத்தில் 1000 மில்லிகிராம் என்று போட்டு விற்கும் பாட்டில் நாலு நாளைக்குக் கூட வராது. அதற்குள் டிஹெச்சி எவ்வளவு என்று யார் அளந்தார்கள்?

பொதிகைச்சாரல்:
அளக்க வைப்பது அரசின் வேலை தம்பி. பூவையும் பிசினையும்தான் அந்தச் சட்டம் கஞ்சா என்கிறது, தனி இலையையும் விதையையும் விட்டுவிட்டது. உத்தராகண்டில் டிஹெச்சி 0.3 சதவீதத்துக்குள் இருக்கும் செடியை உரிமம் வாங்கிப் பயிரிடலாம். 2020-இல் ஐ.நா.வில் கஞ்சாவை மிக ஆபத்தான பட்டியலிலிருந்து எடுக்க இந்தியாவும் ஓட்டுப் போட்டது. எபிடியோலெக்ஸ் வந்தபோது வருஷத்துக்கு 32,500 டாலர் விலை சொன்னார்கள். கூலி வேலை செய்கிறவர் பிள்ளைக்கு அதை யார் வாங்கித் தருவார்?

கோவைஅம்மா:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகள் வால்ப்ரோயேட், குளோபசாம் என்ற வலிப்பு மாத்திரைகள் இரண்டும் சாப்பிடுகிறாள். சொந்தக்காரர் ஒரு பாட்டில் கஞ்சா எண்ணெய் அனுப்பியிருக்கிறார், ‘இண்டிகா’ என்று போட்டிருக்கிறது. சட்டைவா என்ற இன்னொரு கஞ்சா வகையை விட இதுதான் நல்லது என்கிறார். கொடுக்கலாமா?

மாத்திரைக்காரன்:
அக்கா, இப்போதைக்குத் திறக்க வேண்டாம். சட்டைவா 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர், இண்டிகா 1785-இல் இன்னொரு தாவரவியலாளர் லமார்க் இந்தியச் செடியைப் பார்த்து வைத்தது. அதற்கப்புறம் எல்லாவற்றையும் கலந்து கலப்பினமாக்கிவிட்டார்கள். அந்தப் பெயரை வைத்து மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது, சிபிடி எத்தனை, டிஹெச்சி எத்தனை என்பதுதான் கணக்கு. இன்னொன்று, சிபிடி சேர்ந்தால் குளோபசாமின் வேலை உடம்பில் கூடும், குழந்தை தூங்கி வழிவாள். வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம்கள் ரத்தத்தில் ஏறலாம்.

பொதிகைச்சாரல்:
இதில் தம்பி சொல்வதைக் கேளுங்கள் அம்மா. ஆனால் இந்தக் குழப்பமே, முறையான மருந்து கைக்கெட்டாததால் வந்தது என்பேன்.

மாத்திரைக்காரன்:
அரசு ஆய்வகத்தில் அளந்து, மலிவாகத் தரட்டும், நானும் கை தூக்குகிறேன். செடியை அப்படியே திறந்துவிடுவதைத்தான் எதிர்க்கிறேன். அக்கா, பாட்டிலை நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். கொடுக்கலாம் என்று அவர் சொன்னால், முதலில் கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள். எண்ணெயை நம்பி இப்போதைய மாத்திரையை மட்டும் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு விடாமல் வர ஆரம்பித்துவிடலாம்.